தறியோசையும் தொலைபேசி இரகசியமும்

ஆரணியில் நெசவாளர் தெருவில் நடந்து செல்பவர், வீட்டினுள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தறியின் ஓசை ஒரே சீராக வந்தால், புட்டா இல்லாத உடல்பகுதி நெய்யப்படுகிறது. விட்டுவிட்டு வந்தால், புட்டாவுக்குக் கையால் சரிகை இழை செருகுகிறார்கள். ஓசை அடியோடு நின்றுவிட்டால், இழை அறுந்திருக்கலாம். புடவையின் நிறத்தை இவ்வாறு அறிய முடியாதுதான். ஆனால் வேலையின் போக்கு தெரிந்துவிடுகிறது. கதவு மூடியிருந்தும் செய்தி கசிகிறது!

கணிப்பொறிகளுக்கு இடையே செல்லும் செய்திகளிலும் இத்தகைய கசிவு உண்டு. இதனைப் ‘பக்கவழிக் கசிவு’ எனலாம். இது எப்படி நிகழ்கிறது என்று பார்ப்போம்.

இணையத்தின் வழியாக நாம் தொலைபேசியில் பேசும்போது, நம் குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. பொதுவாக ஒரு துண்டு 20 மில்லி விநாடி நீளமுடையது. அதாவது விநாடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் எண்களாக மாற்றப்பட்டு, பின்னர் சங்கேதமாக்கப்பட்டு, ஒரு பொட்டலமாக அனுப்பப்படுகிறது. வழியில் அதனைப் பிடிப்பவர், திறவுகோல் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க இயலாது.

ஆனால் சிக்கனம் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ‘ஆ’, ‘ஈ’ போன்ற உயிரொலிகளைத் தெளிவாகக் குறிக்க மிகுதியான பிட்டுகள் வேண்டும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற உரசொலிகளுக்குக் குறைவான பிட்டுகளே போதும். ஆகவே சில குரல்மாற்றி நிரல்கள், ஒலிக்கு ஏற்றபடி பொட்டலங்களைச் சிறிதும் பெரிதுமாக அமைக்கின்றன. சங்கேதம் உள்ளே இருப்பதை மறைக்கிறதே தவிர, அதன் நீளத்தை மறைப்பதில்லை.

அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டில் இதைச் சோதித்தார்கள். 21 மொழிகளில் பதிவான பேச்சுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் நம் தமிழும் ஒன்று. பேச்சைக் கேளாமல், பொட்டலங்களின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த மொழி என்று கணிப்பொறியைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 100-க்கு ஏறத்தாழ 5 தடவையே சரியாகும். கணிப்பொறியோ சராசரியாக 66 தடவை சரியாகச் சொல்லிற்று! 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு, குறிப்பிட்ட சில ஆங்கிலத் தொடர்கள் பேசப்பட்டனவா என்பதையும் இவ்வாறே கண்டறியலாம் என்று காட்டியது.

“மொழி தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும்?” என்று கேட்கத் தோன்றும். பேசும் மொழியைக் கொண்டே ஒருவரைச் சந்தேகித்த இடங்களும் காலங்களும் உண்டு. அயல்நாட்டில் அஞ்சி ஒதுங்கி வாழும் ஓர் அகதிக்கு இது சிறு செய்தியன்று.

இதற்குப் பரிகாரம் என்ன? பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவாக்குவதுதான். எடுத்துக்காட்டாக, 20, 35, 28, 40 பைட்டுகள் உள்ள நான்கு பொட்டலங்களைக் கொள்வோம். மொத்தம் 123 பைட்டுகள். வெற்று எண்களை இட்டு நிரப்பி ஒவ்வொன்றையும் 40 ஆக்கினால் மொத்தம் 160. அளவு மறைந்துவிட்டது, ஆனால் சுமை சுமார் 30 விழுக்காடு கூடிவிட்டது. இதுவே இரகசியத்தின் விலை. இணைய விதிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு 2012-இல், இரகசியம் முக்கியமான பேச்சுகளுக்கு மாறும் அளவு முறையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.

அளவைப் போலவே நேரமும் காட்டிக்கொடுக்கும். ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையிலுள்ள நேரம், விரல்கள் எந்த எழுத்துகளைத் தட்டின என்பதற்குத் துப்புத் தருகிறது. தொலைவிலுள்ள கணிப்பொறியோடு சங்கேதமாகத் தொடர்புகொள்ள உதவும் எஸ்எஸ்எச் முறையில், விசைகள் தட்டப்படும்போதே ஒவ்வொன்றாகச் செல்கின்றன. ஆகவே கடவுச்சொல்லை ஊகிப்பது எளிதாகிறது என்று கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். அம்முறையின் பெயர்பெற்ற நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் இதற்கான தடுப்பை 2023-இல்தான் சேர்த்துக்கொண்டது. இப்போது அது 20 மில்லி விநாடிக்கு ஒரு தடவை என்ற ஒரே தாளத்தில் பொட்டலங்களை அனுப்புகிறது. தட்டுவது நின்ற பின்பும் சிறிது நேரம் போலிப் பொட்டலங்களை அனுப்புகிறது. நெய்தாலும் நெய்யாவிட்டாலும் ஒரே சீராக ஓசை எழுப்பும் தறி என்று இதைச் சொல்லலாம்.

நோய் தெரிந்தபின் மருந்து வர 22 ஆண்டுகள் ஆயின. எனவே, “இது சங்கேதமாகச் செல்கிறது” என்று ஒரு நிரல் உறுதி கூறினால், அத்துடன் மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. அளவும் நேரமும் மறைக்கப்படுகின்றனவா என்று அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகுவோம்.