கடலோரத்து ஆட்டங்கள் – 7: எல்லைக் கோட்டில் நிற்பவர்கள்

பேசாலையில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஓர் ஆளைத் தேடிப் போகிறவர் வீட்டுப் படலையைத் தட்டிப் பயனில்லை. நேரே மைதானத்துக்குப் போக வேண்டும். ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்தான். எல்லைக் கோட்டைச் சுற்றி நிற்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. வலை பொத்திய கையோடு வந்தவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், சைக்கிள் பாரில் குந்தியிருக்கும் பெடியள், ஒரு காலத்தில் இதே மைதானத்தில் ஆடி இப்போது முழங்கால் நோவோடு நிற்கும் பெரியவர். இந்தத் தொடரின் ஆறு பகுதிகளிலும் ஆடியவர்களைப் பற்றியே எழுதி வந்தேன். இந்த வாரம் பார்ப்பவர்களின் முறை.

இன்று இருபது வயதில் இருக்கும் பேசாலைப் பெடியனுக்கு மூன்று பித்துகள் உண்டு. ஒன்று, தான் படித்த பாடசாலையின் உதைபந்தாட்ட அணி. அடுத்தது கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டு. மூன்றாவது, ட்ராகன்களும் மந்திர மோதிரங்களும் வரும் தொலைக்காட்சித் தொடர். முதலாவதை ஊரின் சொத்து என்கிறார்கள் பெரியவர்கள். மற்ற இரண்டும் பிள்ளைகளைக் கெடுக்க வந்தவை என்கிறார்கள். என்னால் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றிலும் இருப்பது ஒரே பசி: ஒரு பக்கம் சேர்ந்து, பலரோடு கூட இருந்து, முடிவு வரும்வரை பார்க்கும் பசி. இந்த ஊருக்கு அது மின்சாரம் வருவதற்கு முன்பே இருந்தது.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் போகும் ஏ-14 வீதியில், மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிறது பேசாலை. கத்தோலிக்க மீனவ ஊர். நடுவில் வெற்றி நாயகி ஆலயம். தவக்காலம் வந்தால் இங்கே பேச்செல்லாம் பாஸைப் பற்றித்தான். பேசாலையின் உடக்குப் பாஸ் ஈழத்துக் கத்தோலிக்கரிடையே பேர்பெற்றது. இயேசுவின் பாடுகளை உடக்குகளைக் கொண்டு, அதாவது ஆளுயரப் பாவைகளைக் கொண்டு காட்டும் மரபு அது. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தின் ஓசையில் வளர்ந்த காதுகள் இவை. கூட்டத்தில் இருக்கும் சிறு பிள்ளைக்கும் கதையின் முடிவு தெரியும். யூதாஸ் என்ன செய்வான், பேதுரு எத்தனை முறை மறுதலிப்பான், எல்லாம் தெரியும். தெரிந்தும் அழுகிறார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும் என்ற பயம் அந்த முற்றத்தில் யாருக்கும் இருந்ததில்லை. போன வருடம் சிலுவை சுமந்தவனை விட இந்த வருடம் சுமப்பவன் எப்படி, உடக்கை இயக்கியவன் கை நடுங்கியதா என்று பார்த்துவிட்டு வந்து, வாரக்கணக்கில் பேசுவார்கள். மன்னாரின் வாசாப்புகளையும் நாட்டுக்கூத்துகளையும் விடிய விடிய இருந்து பார்த்தவர்களும் இப்படித்தான் பேசினார்கள். இன்று ஒரு தொடரின் அத்தியாயத்தைப் பிரித்து மேய்கிற பெடியன் அந்தப் பேச்சுக்கு வாரிசு.

மைதானத்துக்கு வருவோம். இலங்கையில் கல்லூரி விளையாட்டு என்றால் வெளியூரார் முதலில் நினைப்பது துடுப்பாட்டத்தை. றோயல் – தோமியன் பெருஞ்சமர் 1880இலிருந்து மாணவர்களிடையே தவறாமல் நடந்து வருகிறது. இரண்டு உலகப் போர்களும் அதை நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் போர் 1904இல் தொடங்கியது. அதை எங்கள் போர் குலைத்தது. ஆட்டம் திரும்ப எழுந்தது. ஆட்ட நாட்களில் கொடி கட்டிய வாகனங்களும் பப்பரே வாத்தியமும் தெருவெல்லாம் நிறைந்திருக்கும். பேசாலைக்கு அப்படி ஒரு நூற்றாண்டுப் பெருஞ்சமர் கிடையாது. பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் மூன்று நாள் ஆட்டம் கடலுக்குப் போகிற ஊருக்குச் சரிவராது. தொண்ணூறு நிமிடத்தில் முடிகிற, ஒரு பந்து இருந்தால் போதுமான ஆட்டமே மன்னாருக்குப் பிடித்தது.

பேசாலையின் புனித பற்றிமா மத்திய மகா வித்தியாலயத்துப் பெடியள் ஒரு வயதுப் பிரிவில் வலயத்தில் வென்றால் மாகாணத்துக்குப் போக வேண்டும். மாகாணத்தில் வென்றால் தேசிய மட்டம். ஒவ்வொரு படியிலும் பேருந்துக் காசு, சப்பாத்து, ஜேர்சி, சாப்பாடு. அந்தச் செலவில் பாதி எல்லைக் கோட்டில் நிற்பவர்களின் மடியிலிருந்து வருகிறது; பழைய மாணவரிடமும் வெளிநாட்டு உறவுகளிடமும் கேட்டு வாங்குவார்கள். தன் பணம் போன அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவனின் குரலில் ஓர் உரிமை இருக்கும். மன்னார் நகரத்துப் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரியோடு ஆட்டம் என்றால் அந்த உரிமைக் குரல் இன்னும் ஒரு படி ஏறும். ஊர்க் கழகங்களுக்கும் இதே கதைதான். பள்ளிமுனையின் சென் லூசியாவைப் போல இந்தக் கரையில் பல கழகங்கள் புனிதரின் பெயரையே சூடியவை. பங்கும் அணியும் ஒன்றாகிவிட்டால் தோல்வி தனிப்பட்ட துக்கமாகிவிடும்.

அந்தப் பாசம் எவ்வளவு ஆழமானது என்பதை 2022 பெப்ரவரியில் நாடே கண்டது. மன்னார் மண்ணில் ஆடத் தொடங்கி இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரராக உயர்ந்த டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவில் இறந்துபோனார். அவருடைய உடல் வந்தபோது மன்னார் முழுவதும் தெருவில் நின்றது. தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அழுவதைப் போலத்தான் அழுதார்கள், அவரோடு ஒரு வார்த்தையும் பேசியிராதவர்கள் கூட. இரசிகன் என்ற சொல்லை இலேசாகப் பயன்படுத்துகிறவர்கள் அந்த நாளை நினைக்க வேண்டும்.

இனித் தொலைக்காட்சி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். எண்பதுகளில் வடபகுதி வீடுகளில் உயர்ந்த கம்பங்களில் அன்டெனாக்கள் ஏறியபோது அவற்றின் முகம் கொழும்பை விட இந்தியாவைத்தான் அதிகம் பார்த்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்காதவர் அந்தத் தலைமுறையில் குறைவு. பின்னாளில் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்த பிறகு எங்கள் கரைக்குப் படம் தெளிந்தது. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் ஒழுங்கையே அந்த வீட்டு விறாந்தையில் இருக்கும். காற்றில் அன்டெனா திரும்பிவிட்டால் ஒருவன் கம்பத்தைத் திருகுவான், ஒருவன் வாசலில் நின்று “காணாது, இன்னும் கொஞ்சம்” என்று கத்துவான்.

இராமானந்த் சாகரின் ‘இராமாயணம்’ 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் ஓடியது. இந்தி தெரியாதவர்களும் பார்த்தார்கள். அவர்களில் எங்கள் கரையாருக்கு மட்டும் ஒரு தனி நிலைமை இருந்தது. திரையில் வானரங்கள் கல் சுமந்து கட்டிய அணை வந்து முடிகிற இடம் அவர்கள் மீன் பிடிக்கப் போகிற ஆதாம் பாலத்து மணற்திட்டு. பறக்கும் தேரும் பத்துத் தலையும் எங்கோ ஒரு கற்பனை உலகத்தில் நடப்பவை என்று மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். மன்னாரில் இருந்து பார்ப்பவனுக்கு அது பக்கத்துக் கடலில் நடந்த கதை. கற்பனைத் தொடர்களின் மீது இந்த ஊருக்கு இருக்கும் நெருக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தரராஜன் எழுத நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ கருப்பசாமியின் குதிரைக் குளம்படியைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2011இல் ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’. 2022இல் ‘த ரிங்ஸ் ஒஃப் பவர்’, அது தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தது.

கூட இருந்து பார்க்கிறவர்களைப் போர் கலைத்தது. 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. அது திரும்ப ஓட 2015 மார்ச் ஆயிற்று. அதே 1990இன் ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மைதானங்களில் அவர்களின் இடம் வெறுமையாகக் கிடந்தது. தமிழர் பலர் படகேறி இந்தியாவின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள். 2006 ஜூன் 17 அன்று, வெற்றி நாயகி ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த பேசாலை மக்கள் மீது துப்பாக்கிச் சூடும் கைக்குண்டு வீச்சும் நடந்தன. உயிர்கள் போயின. அது ஜேர்மனியில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த மாதம். அன்று மூன்று ஆட்டங்கள்: போர்த்துக்கல் ஈரானை வென்றது, கானா செக் குடியரசை வென்றது, இத்தாலியும் அமெரிக்காவும் சமநிலையில் முடித்தன. உலகக் கிண்ணம் வந்தால் பிரேசில் என்றும் ஆர்ஜென்டீனா என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிற தீவு இது. அந்த ஆட்டங்களைப் பார்த்திருக்க வேண்டிய குடும்பங்கள் கடலைக் கடக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தன.

2019இல் இன்னொரு முறை. ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. உலகமே காத்திருந்த ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ கடைசிப் பருவத்தின் இரண்டாவது அத்தியாயம் அமெரிக்காவில் அதே இரவு ஒளிபரப்பானது. இலங்கையில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியிருந்தது, ஏப்ரல் 30 வரை. ஞாயிறு திருப்பலிகளே நின்றுபோன நாட்டில் யாருக்கு ட்ராகன் ஞாபகம் வரும்? பிறகு ஒருநாள் அந்த அத்தியாயங்களைத் தேடிப் பார்த்தவர்கள் தனியாகப் பார்த்தார்கள். பேச ஆளில்லாமல் பார்த்த கதை மனதில் நிற்பதில்லை.

கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் நிற்பவர் வெல்கிறார். தீவு, முகாம், துவக்குச் சத்தம். பதுங்குகுழியில் இரவைக் கழித்த தாயொருத்தி பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வரும்போது எழும்பி உட்காருகிறாள் என்றால் அவளிடம் இது வெறும் விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. காதுக்கருவி போட்டு ஆடு தம்பி, அம்மாவுக்காக என்றுதான் சொல்வேன். இரவு முழுக்க ஆடிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குவதையும், விளையாட்டு ஆயுதத்துக்கு ‘ஸ்கின்’ வாங்க வீட்டுக் காசு கரைவதையும் நான் ஞாயப்படுத்தவில்லை.

ஆனால் அந்தப் பெடியனின் காதுக்குள் யார் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். நால்வர் கொண்ட ஸ்குவாட்டில் ஒருவன் பேசாலையில், ஒருவன் லண்டனில், ஒருவன் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா மகன். கோடை காலத்தில் இங்கே இரவு ஒன்பது மணி என்றால் லண்டனில் பின்னேரம் நான்கரை, ரொறன்ரோவில் முற்பகல் பதினொன்றரை. மூவருக்கும் ஒத்துவருகிற நேரம் அது ஒன்றுதான். “மச்சான், பின்னால வாறான், குனி!” என்று கத்துகிற கத்தலுக்கு இடையில்தான் அம்மம்மாவின் சுகம் விசாரிக்கப்படுகிறது. அங்கே பிறந்த பிள்ளை மன்னார்த் தமிழை இந்த வழியாகக் கற்றுக்கொள்கிறான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி கொடுக்காததை இது கொடுக்கிறது.

விடுபட்டுப் போனவன் மண்டபத்தில் இருக்கும் மச்சான். இந்திய அரசு 2020 செப்ரெம்பரில் பப்ஜியைத் தடை செய்தது. பிறகு வந்தது இந்தியாவுக்கென்றே தனியாக வெளியிட்ட விளையாட்டு; அதில் இந்தியாவில் இருப்பவர்கள் தங்களுக்குள்தான் ஆடலாம். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறவனோடு ஒரே அணியில் நிற்க முடிகிறது, பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறவனோடு முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ட்ரீம் லீக் சொக்கர்’. அதில் அணிக்குப் பெயரையும் சீருடையின் நிறத்தையும் நாமே தெரிவு செய்யலாம். பெடியள் அதில் ஊரின் பெயரை எழுதி, ஊர் அணியின் நிறத்தைப் பூசி, உலகத்தின் பெரிய கழகங்களோடு மோத விடுகிறார்கள். எல்லைக் கோட்டில் நிற்பவனின் வேலையை அவர்கள் அங்கேயும் செய்கிறார்கள். வென்ற திரையைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டால் பரிஸில் இருக்கும் மாமா கைதட்டுகிறார்.

அதே மாமா உண்மையான ஆட்டத்தையும் பார்க்க விரும்புகிறார். கொழும்புப் பெருஞ்சமர்களையும் வடக்கின் பெரும் போரையும் ‘த பப்பரே’ தளம் நேரலையில் காட்டுகிறது. அவற்றுக்கு அனுசரணையாளர் உண்டு, கமெரா உண்டு, வர்ணனையாளர் உண்டு. தீவுப் பாடசாலைகளின் வலய ஆட்டத்துக்கு அவை கிடைப்பதில்லை. யாராவது ஒருவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தால்தான் உண்டு. படம் ஆடும், பந்து எங்கே என்று தெரியாது, காற்றின் இரைச்சலில் பாதிப் பேச்சுக் கேட்காது. பிடித்திருப்பவர் கோல் விழுந்ததும் துள்ளிவிடுவார், திரையில் வானம் தெரியும்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பேசாலைப் பழைய மாணவரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஜேர்சிக்கும் சப்பாத்துக்கும் அனுப்புகிறீர்கள். அடுத்த முறை ஒரு முக்காலி, காற்றொலியைத் தடுக்கிற ஒலிவாங்கி, ஒரு வருடத்துக்குரிய டேட்டா, இவற்றையும் கணக்கில் சேருங்கள். வர்ணனைக்கு ஆள் தேட வேண்டாம். பாஸுக்குப் பிரசங்கம் வாசித்த குரல்கள் ஊரில் நிறைய இருக்கின்றன.

(தொடரும்)