சீதன வீடும் பேர்மிட் காணியும்

இடமா, வலமா? – 9

பழமைவாதி யார், தாராளவாதி யார் என்று இரண்டு வாரங்களாக ஐரோப்பாவில் தேடினோம். தலைமுறைகள் சேர்த்துவைத்த வழக்கத்தை ஒரே வீச்சில் வெட்டாதே என்று 1790இல் எழுதிய எட்மண்ட் பர்க்கைப் பார்த்தோம். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை என் வாழ்க்கை என் பாடு என்று 1859இல் வாதிட்ட ஜோன் ஸ்டுவர்ட் மில்லையும் பார்த்தோம். இந்த வாரம் இருவரையும் மூதூரிலிருந்து சம்பூர் போகும் வீதியில் ஏற்றி, கட்டைபறிச்சானில் இறக்கிவிடுவோம்.

2006இல் போர் மூண்டபோது சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு ஓடியது. 2007இல் அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பின்னர் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. சைக்கிள் மிதித்தால் போய்விடும் தூரத்தில் சொந்த வளவு இருக்க, கட்டைபறிச்சான் முகாமில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தன. அந்த ஒதுக்கீடு ரத்தாகி மீள்குடியேற்றம் தொடங்க 2015 ஆனது.

இந்த விசயத்தில் பர்க்கும் மில்லும் சண்டை பிடிக்கமாட்டார்கள். முப்பாட்டன் காணி, குலதெய்வக் கோயில் என்பார் முன்னவர். தனிமனிதன் சொத்தில் அரசு எப்படிக் கைவைக்கலாம் என்பார் பின்னவர். காரணம்தான் வேறு, இருவரும் நிற்பது முகாம்காரர் பக்கம்.

சண்டை வருவது காணி கைக்கு வந்த பிறகு: அது யார் பெயரில்?

கிழக்கின் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது யாரும் மாநாடு கூட்டி எடுத்த முடிவல்ல, பழைய வழக்கம். ஆனால் வீட்டு உறுதி பெண்ணின் கையில் இருக்கிறது.

அரசு கொடுக்கும் பேர்மிட் காணியின் கதை வேறு. டி. எஸ். சேனநாயக்க விவசாய அமைச்சராக இருந்தபோது வந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதை ஆள்கிறது. விவசாயக் குடி சிதையக்கூடாது, காணி துண்டு துண்டாகக்கூடாது, முதலாளி வாங்கிக் குவிக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். பர்க் தலையசைத்திருப்பார். பின்னுரித்தாளர் பெயரை எழுதிவைக்காமல் பேர்மிட்காரர் இறந்துபோனால், பிள்ளைகள் வரிசையில் மகன்தான் முதலில், மகள் பிறகு. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது.

ஆக, ‘நவீன’ சட்டம் மகளைப் பின்னுக்குத் தள்ளிய காலத்தில் ‘பழைய’ வழக்கம் அவளுக்கு வீடு கொடுத்தது. வழக்கத்துக்குள் ஒரு விவேகம் ஒளிந்திருக்கும் என்ற பழமைவாதியின் பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

தாராளவாதி இத்துடன் வாயை மூடிவிடுவாரா? மாட்டார். வீடு கட்டிக் கொடுக்க வழியில்லாத தகப்பனின் மகள் என்ன செய்வாள் என்று கேட்பார். முகாமிலிருந்து இடிந்த வீட்டுக்குத் திரும்பிய தாய்க்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றால், மூன்று வீடு எங்கிருந்து வரும்? சீதனம் அவளுடைய சொத்தா, மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் விலையா? அவளைக் கேட்டா இதெல்லாம் முடிவாகிறது?

இரண்டு தரப்புப் பேச்சும் நியாயமானவை. ஒரே குடும்பத்தில் அம்மம்மா முதலாவதைச் சொல்வார், பேத்தி இரண்டாவதைக் கேட்பாள். இருவரும் தேர்தலில் ஒரே சின்னத்துக்கே புள்ளடி போட்டிருக்கவும் கூடும். கட்சியை வைத்து ஒருவரின் கொள்கையைக் கணிப்பவர்கள் இடறுவது இங்கேதான். பேத்தி அந்தச் சீதன வீட்டின் உறுதியோடு வளர்ந்தவள்; வழக்கத்தை எதிர்த்துப் பேச அவளுக்குத் திண்ணை தந்ததும் அதே வழக்கம்.

அடுத்த வாரம் ஒரு பெரிய மனிதரிடம் போவோம். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர். எல்லோருக்கும் வாக்குரிமை என்று டொனமூர் ஆணைக்குழு சொன்னபோது எதிர்த்தவரும் அவரே: சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

(தொடரும்)