அடிவானம் மறைந்த பின்

வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பதால் நேரும் விபத்துகளைச் சென்ற இதழ் விளக்கியது. விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் உயிரைப் பறிக்கக்கூடிய மற்றோர் ஆபத்து விமானியின் உடலிலேயே தோன்றுகிறது. மேகம், மூடுபனி, நிலவற்ற இரவு ஆகியவற்றால் அடிவானம் கண்ணுக்கு மறையும்போது, தாம் எந்த நிலையில் பறக்கிறோம் என்பதைத் தவறாக உணர்வதே அது. வான்மருத்துவர்கள் இதனை வெளித் திசைமயக்கம் என்பர்.

மனிதனின் அகச்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பத் தொடங்கும்போது பின்தங்கும் அத்திரவம் நுண்ணிய உணர்மயிர்களை வளைப்பதால் மூளை திருப்பத்தை அறிகிறது. ஆனால், அதே திருப்பம் சீராக 20 விநாடி அளவுக்கு நீடித்தால் திரவமும் குழலோடு சேர்ந்து சுழன்று, திரும்புகிறோம் என்ற உணர்வே அற்றுப்போகிறது. அந்நிலையில் விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றுவதால், பயிற்சியற்றவர் மீண்டும் பழைய சாய்வுக்கே திரும்பிவிடுகிறார்.

சாய்ந்த விமானத்தின் மூக்கு தாழ்கிறது. உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. இறக்கை சாய்ந்திருப்பதை உணராத விமானி மூக்கை உயர்த்தக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுக்க, விமானம் மேலேறுவதற்குப் பதிலாகத் திருப்பத்தை மேலும் இறுக்கிக்கொண்டு சுருள்வட்டமாகக் கீழிறங்குகிறது. எஞ்சின் விசையைக் குறைத்து, முதலில் இறக்கைகளைச் சமன்செய்து, அதன் பின்னரே மூக்கை மெல்ல உயர்த்துவதுதான் சரியான முறை. அச்சத்தின் பிடியில் இருக்கும் உடல் கேட்பதோ இதற்கு நேர்மாறானது.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயமின்றி நிறுவியது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிலாத 20 விமானிகளின் பார்வையிலிருந்து வெளிக்காட்சியை மறைத்தபோது, அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். சில மணி நேரப் பயிற்சிக்குப் பின், கருவிகளைப் பார்த்தே வந்த வழியில் பாதுகாப்பாகத் திரும்ப அவர்களால் முடிந்தது என்பதே அவ்வாய்வின் அரிய பயன்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 அன்று இரவு, பைப்பர் சரட்டோகா என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டிச் சென்றபோது, மார்த்தாஸ் வினியார்டு தீவருகே கடலில் விழுந்து மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் உயிரிழந்தார். விமானி உரிமம் அவரிடம் இருந்தது; கருவி வழிப் பறத்தலுக்கான தகுதிச் சான்று இல்லை. இருளும் புகைமூட்டமும் சூழ்ந்த கடலின் மேல் ஏற்பட்ட திசைமயக்கத்தால் அவர் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை வாரியம் முடிவுசெய்தது.

உரிமம் பெற்றவருக்கே இது நேருமாயின், முறையாக எதுவும் பயிலாதவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி என்பது கைகளுக்குத் தரும் பழக்கம் மட்டுமன்று. செயற்கை அடிவானமானி காட்டுவதும் தன் உடல் சொல்வதும் முரண்படும்போது உடலை மறுத்துக் கருவியை ஏற்கும் உறுதியும், வானிலை கெடுமுன் திரும்பிவிடும் துணிவும் அதில் அடங்கும். இவ்விரண்டும் இல்லாதவர் பிறரை ஏற்றிக்கொண்டு பறப்பதை எந்த ஆர்வமும் நியாயப்படுத்தாது.

(தொடரும்)