தண்ணீர்ப் பந்தலுக்கு உண்டு, இதற்கு இல்லையா?

கோவில் கொடை, சந்தனக்கூடு, மாதா திருவிழா என எந்த நோட்டீசுடன் வந்தாலும் நம் வணிகர்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துத் தருமம் செய்த மரபு நம்முடையது. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே ரசீதுப் புத்தகத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் என்று ஒரு வரி இருந்தால் கல்லாப்பெட்டி மூடிக்கொள்கிறது.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. சமயத் தொண்டில் பிறந்த மருத்துவமனை அது. நம் சரக்கை ஏற்றி வரும் லாரி டிரைவர்கள் வாரக்கணக்கில் வீடு காணாதவர்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பிறகு நன்கொடை எதற்கு? வியாபாரி கேட்கத்தான் வேண்டும். நாம் கேட்டோம். பஸ் செலவு, சத்துணவு, அப்புறம் நல்ல குடிநீர் என்றார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்கு அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கே எமனாம். நியாயம்தான்.

குடிநீர் இயந்திரம் வைக்கிறோம் என்பவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அடுத்த வருஷம் வடிகட்டி மாற்ற யார் பணம்? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. செக்காகவே கொடுங்கள், ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.