நடுகல்லும் கணிப்பொறியும்

தருமபுரி நகரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போனதுண்டா? போனால், அங்குள்ள நடுகற்களின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். கையில் ஆயுதம் ஏந்திய வீரன், சில கற்களில் அவன் உடலில் தைத்த அம்புகள், இன்னும் சிலவற்றில் அவன் மீட்ட மாடுகள். மேலே சில வரி எழுத்துகள் இருக்கும். அவை பெரும்பாலும் வட்டெழுத்துகள். ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்தவனுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊரார் நட்ட கற்கள் இவை.

அந்த எழுத்துகளைப் படிக்க முயன்றால் உங்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். வெயிலும் மழையும் அவற்றைத் தேய்த்துவிட்டன. ஆனால் தேய்ந்த எழுத்தை வெளிக்கொணர ஒரு வழி உண்டு. அதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இருட்டறையில் தேய்ந்த பழைய நாணயம் ஒன்றை மேசைமேல் வையுங்கள். டார்ச் விளக்கை நேர் மேலே பிடித்தால் நாணயம் வழவழப்பாகத் தெரியும். விளக்கை மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். உடனே எழுத்துகள் எழுந்து நிற்கும்! பள்ளங்களில் நிழல் விழுவதே காரணம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோட்டில் நிழல் விழாது. ஆகவே ஒரு பக்கத்து ஒளி சில கோடுகளைக் காட்டும், சிலவற்றை மறைக்கும். ஒரே ஒரு புகைப்படத்தை நம்பினால் எழுத்தைத் தவறாகப் படித்துவிட நேரும்.

2001-இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய துணைவர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் வைத்துப் பல படங்கள் எடுப்பது. பிற்காலத்தில் கல்லின் அருகே பளபளப்பான கறுப்புக் குண்டு ஒன்றை வைக்கும் முறையும் வந்தது. குண்டின் மேல் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைக் கொண்டு, விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று கணிப்பொறி கணக்கிட்டுக் கொள்ளும். பிறகு கல்லின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடும். அப்புறம் நாம் கணிப்பொறித் திரையிலேயே விளக்கை விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். கல்லை யாரும் தொட வேண்டியதில்லை.

சரி, இப்படி எடுத்த படத்தை அருங்காட்சியகம் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டால் என்ன பயன்? ஒரு கல்லைப் படிக்க இன்னொரு கல் வேண்டும். நடுகற்களில் ‘தொறு’ என்ற சொல்லும் ‘பட்டான்’ என்ற சொல்லும் அடிக்கடி வருகின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். ஒரு கல்லில் ‘பட்’ மட்டும் தெரிந்து மீதி உடைந்திருந்தால், வேறொரு கல்லைப் பார்த்தவர்தான் அதை நிரப்ப முடியும். அந்த வேறொரு கல் எங்கே இருக்கிறது? பக்கத்துச் செங்கம் பகுதியில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், ஏதோ ஒரு சோளக்கொல்லை வரப்பிலும் இருக்கலாம். செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு ஒரு நாயும் உண்டு. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்ததாம்! அந்த நாய்க்கு உறவுக்கார நாய் தருமபுரிப் பக்கத்துக் கல்லில் உண்டா என்று தேட விரும்புகிறவர் லாரி வைத்துக் கற்களை ஓரிடத்தில் சேர்க்கவா முடியும்? படங்களைச் சேர்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ‘தகவலாற்றுப்படை’ வலைத்தளம் நடுகற்களையும் பாறை ஓவியங்களையும் இவ்வாறு திரட்டித் தருகிறது. படத்தோடு ஊர், அளவு, காலம் ஆகிய குறிப்புகளும் இருக்க வேண்டும். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத கடிதம்தான்.

‘படத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அருங்காட்சியகத்துக்கு யார் வருவார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்ததைக் கேளுங்கள். வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் அங்கே உள்ளது. அதன் மஞ்சளித்துப்போன மட்டமான நகல்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் பரவிவிட்டன. அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான வண்ண அட்டையைப் பார்த்தவர்கள், ‘இது அசல் போல இல்லையே!’ என்றார்களாம். அருங்காட்சியகமே தரமான படத்தை இலவசமாக வெளியிட்ட பிறகுதான் சரியான மஞ்சளும் நீலமும் உலகுக்குத் தெரிந்தன. 2012 முதல் அது தன் படங்களை லட்சக்கணக்கில் திறந்து வைத்துள்ளது. பூட்டி வைத்த படத்தைவிடக் கொடுத்த படமே அசலுக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை, 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை எந்தக் கோயிலுக்கு உரியது என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கோயில்களை ஊர் ஊராகப் படம் எடுத்து வைத்திருந்தது. திருட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ரீபுரந்தான் நடராசரும் அதில் பதிவாகியிருந்தார். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. சிலையின் சிறு வடுவும் வளைவும் கைரேகை போன்றவை. பழைய படமும் புதிய படமும் பொருந்தின. 2014 செப்டம்பரில் நடராசர் நாடு திரும்பினார்.

தருமபுரி மாவட்டத்தில் அருங்காட்சியகத்துக்கு வராத கற்கள் இன்னும் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று இருந்தால், மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பாருங்கள். கல்லின் அருகே ஓர் அடிக்கோலை நிறுத்தி, இடப்பக்கத்து ஒளியில் ஒன்று, வலப்பக்கத்து ஒளியில் ஒன்று எனப் படம் எடுங்கள். சூரியன் உதவாத பக்கத்துக்கு டார்ச் விளக்கு போதும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ சாக்குக்கட்டியோ பூச வேண்டாம். ஊர்ப்பெயரையும் கல் நிற்கும் இடத்தையும் தேதியையும் எழுதி, படத்தோடு மாவட்ட அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.