மெயின்பிரேமுக்குள் ஒரு ரப்பர் தோட்டம்

கேரள எல்லையோரம் பனச்சமூட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. இதுவரை சாதாரண லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை, வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்பிரேமில் ஓடும் லினக்ஸ் சர்வர்களுக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய கேள்வி இது: "புது சர்வருக்கு நெட்வொர்க் கார்டு வேண்டும் என்று கேட்டேன் சார். ஒரு வரி எழுதச் சொன்னார்கள். எழுதினேன், கார்டு வந்துவிட்டது. கேபிளும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. ஆனாலும் பக்கத்து சர்வரோடு பேசுகிறது. பாக்கெட் உண்மையில் எந்த வழியாகத்தான் போகிறது? ஒரு கார்டுக்கு எதற்கு மூன்று எண்?"

அருமையான கேள்வி. மூன்று எண்ணில் தொடங்கினால் பாக்கெட்டின் வழியும் தானே தெரிந்துவிடும்.

அதற்கு முன் மெயின்பிரேமைப் பற்றிய இரண்டு மிகைப்பேச்சுகளை ஓரங்கட்ட வேண்டும். முதலாவது, அது செத்துவிட்டது என்பது. கடைசி மெயின்பிரேமின் மின்இணைப்பு 1996 மார்ச் 15 அன்று பிடுங்கப்படும் என்று 1991-இல் நாள் குறித்தே எழுதினார் ஸ்டூவர்ட் ஆல்சாப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 2025 ஏப்ரலில் ஐபிஎம் தன் இசட்17 என்ற புது மெயின்பிரேமை அறிவித்தது. இரண்டாவது, ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒரே பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்ற விற்பனைப் பேச்சு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் டேவிட் பாய்ஸ் என்ற பொறியாளர் ஒரே மெயின்பிரேமில் 41,400 லினக்ஸ்களை ஏற்றிக் காட்டினார். அந்த எண்ணை இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். பாய்ஸ் அளந்தது எத்தனை லினக்ஸை ஏற்ற முடியும் என்பதை. ஏற்றியவை அத்தனையும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு வந்தால் எந்தப் பெட்டிக்கும் மூச்சு முட்டும்.

வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் 1960களிலேயே செய்துவிட்டது. 1972-இல் அது 370 குடும்பக் கணினிகளுக்காக விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. அதே 370 குடும்பத்தின் 155 மாதிரி, ஜெர்மன் உதவியோடு 1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்தது. விஎம்/370-க்குத் தேவையான விர்ச்சுவல் மெமரி 155-க்குப் பிறவியிலேயே கிடையாது. வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும் என்றது நிறுவனம். 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் சிஎம்சி நிறுவனத்துக்கு வந்தது. மெயின்பிரேமுக்கான லினக்ஸ் நிரல் துண்டுகளை ஐபிஎம் 1999 டிசம்பரில் வெளியிட்டது. விஎம்மின் இன்றைய வாரிசான இசட்/விஎம்முக்குள் விஸ்விட்ச் என்ற மெய்நிகர் சுவிட்ச் 2003-இல் வந்தது. நம் வாசகர் எழுதிய அந்த ஒரு வரி, தன் லினக்ஸை இந்த விஸ்விட்சில்தான் செருகுகிறது.

இனி அந்த மூன்று எண். வாசகரின் வரியில் 0600 என்று ஓர் எண் இருந்திருக்கும். அதிலிருந்து 0600, 0601, 0602 என மூன்று சாதனங்கள் பிறக்கின்றன. முதல் எண் வாசிக்க, இரண்டாவது எழுத. இந்த இரண்டும் பேசுவது நிர்வாகப் பேச்சு மட்டும்: என் முகவரி இது, என் விலேன் இது, என்னைச் சேர்த்துக்கொள் என்ற வகை. உண்மையான சரக்கு மூன்றாவதில்தான் போகிறது. முதல் எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், எழுதும் எண் அதை ஒட்டி அடுத்ததாக வர வேண்டும் என்பது விதி. மூன்றையும் ஒரு குழுவாகக் கட்டி ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால்தான் லினக்ஸ் அதைக் கார்டு என்று ஏற்கும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் படி இது.

என்னை மயக்குவது அந்த மூன்றாவது சாதனம். அதன் உள்வழிக்குப் பெயர் கியூடிஐஓ. 1990களின் இறுதியில் ஓஎஸ்ஏ-எக்ஸ்பிரஸ் என்ற நெட்வொர்க் கார்டோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன் மெயின்பிரேமில் ஒவ்வொரு முறை தரவு அனுப்பும்போதும் ஒரு சேனல் நிரலை எழுதி, தொடங்கு என்று ஆணையிட்டு, முடிந்தது என்ற குறுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். வட்டில் எழுதும் பெரிய கோப்புக்கு இந்தச் சடங்கு பொருந்தும். விநாடிக்கு லட்சக்கணக்கில் வரும் பாக்கெட்டுக்குப் பொருந்தாது. கியூடிஐஓ அந்தச் சடங்கை ஒழித்தது. நினைவகத்தில் 128 இடையகங்களை வட்டமாக அடுக்கியது. ஒவ்வோர் இடையகத்துக்கும் ஒரு பைட்டைக் கொடுத்தது. இது இப்போது யாருடையது என்பதை அந்த பைட்டின் மேல் இரண்டு பிட்டுகள் சொல்லும். நிரலுடையதா, கார்டினுடையதா? கைமாறுவதற்கு அந்த ஒரு பைட்டை மாற்றினால் போதும்.

பனச்சமூட்டுக்காரருக்கு இதை ரப்பர் தோட்டத்தில் வைத்துச் சொல்லலாம். மரத்தைக் கீறிப் பால் வடியவிடும்போது சிரட்டை நிமிர்ந்திருக்கும். பாலை எடுத்த பிறகு, மழையும் சருகும் விழாமலிருக்கக் கவிழ்த்து வைப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வேலையையும் ஒருவரே செய்வார். இங்கே வெட்டுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம். கவிழ்ந்த சிரட்டை வெட்டுபவருடையது, நிமிர்ந்து நிறைந்தது எடுப்பவருடையது. மரங்கள் 128, வட்டமாக நிற்கின்றன. வெட்டுபவர் கடைசி மரத்தை முடித்து முதல் மரத்துக்குத் திரும்பி வரும்போது சிரட்டை கவிழ்ந்திருந்தால் அடுத்த வெட்டு. இன்னும் நிமிர்ந்தே இருந்தால் நிற்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. அனுப்பும் வரிசையில் நெரிசல் என்று நாம் சொல்வது அந்த நிற்றலைத்தான். சிரட்டைக்குள்ளே 16 அறை, அறைக்கு 4,096 பைட், ஆக ஒரு சிரட்டைக்கு 64 கிலோபைட். தோட்டம் முழுவதும் நிறைந்தால் 8 மெகாபைட். எடுப்பவர் பின்தங்கினால் வெட்டுபவர் பல பாக்கெட்டுகளை ஒரே சிரட்டையில் சேர்த்து நிரப்பிவிட்டு நகர்வார். மெயின்பிரேம் லினக்ஸின் கியூஎத் டிரைவர் நெரிசலில் செய்து வந்ததும் இதே தந்திரம்தான். வந்து சேரும் தரவுக்கு இதே மாதிரி இன்னொரு தோட்டம் உண்டு. அங்கே வேலை தலைகீழ்: காலிச் சிரட்டையை லினக்ஸ் வைக்கும், எதிர்ப்பக்கம் நிரப்பும். வேலை மந்தமாக இருக்கும் நேரத்தில் மட்டும், எடுப்பவரை எழுப்ப ஒரு கூவல் வேண்டும். அந்தக் கூவலுக்கு மெயின்பிரேமில் தனி இயந்திர ஆணையே இருக்கிறது. அதன் பெயர் சிகா.

பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு விடையும் இங்கேதான். வெட்டுபவருக்கு எடுப்பவர் யாரென்று தெரியாது. அது உண்மையான ஓஎஸ்ஏ கார்டாக இருக்கலாம். விஸ்விட்ச் என்றால், எடுப்பவர் வேடத்தில் இருப்பது இசட்/விஎம். லினக்ஸ் கூவியதும் அது இடைமறித்து, இந்த லினக்ஸின் சிரட்டையிலிருந்து பக்கத்து லினக்ஸின் சிரட்டைக்கு நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகல் எடுத்துவிட்டு, இரண்டு பைட்டுகளை மாற்றிவிடுகிறது. போக வேண்டிய இடம் பெட்டிக்கு வெளியே என்றால் மட்டும் நிஜ கார்டின் வரிசையில் சேர்க்கிறது. மூன்றாவது வகை, ஒரே பெட்டிக்குள்ளேயே பேசிக்கொள்வதற்கான ஹைப்பர்சாக்கெட்ஸ். அதில் எடுப்பவர் என்று தனி ஆளே இல்லை. கூவும் ஆணையே தரவையும் நகலெடுத்துவிடுகிறது. மூன்று வகைக்கும் ஒரே கியூஎத் டிரைவர் போதும். பொய்க் கார்டு உண்மைக் கார்டின் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுவதால், லினக்ஸுக்கு வித்தியாசம் தெரிய வேண்டியதே இல்லை. மெய்நிகராக்கம் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு துப்புரவான வேலையை அதிகம் கண்டதில்லை.

ஹைப்பர்சாக்கெட்ஸை மின்னல் வேகம், பூஜ்யத் தாமதம் என்று விற்கிறார்கள். நகலெடுப்பது யார் என்று கேட்டால் அந்தப் பேச்சு சுருங்கிவிடும். நிஜ கார்டு என்றால் கார்டு தன் சொந்த உழைப்பில் பாலை எடுக்கும். இங்கே அனுப்புகிற லினக்ஸின் ப்ராசஸரே சுமக்கிறது. மெயின்பிரேமில் ப்ராசஸர் நேரம்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. 56 கிலோபைட் வரை பெரிய பாக்கெட்டுகளை அனுப்பும்போது அந்தச் செலவு கட்டுப்படியாகும். தரவுத்தளத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையே மொத்தமாகத் தரவு பாயும் இடங்களில் இது மிக நல்லது. சின்னச் சின்னக் கேள்வி, சின்னச் சின்னப் பதில் என்று ஓடும் பயன்பாட்டில் விளம்பரம் சொல்லும் லாபம் கைக்கு வராது. அளந்து பார்க்காமல் எடுக்கக் கூடாத முடிவு இது.

விஸ்விட்சை அமைப்பவர்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று, அனுமதி. சுவிட்ச் இருக்கும், கார்டு இருக்கும், இரண்டையும் இணைக்கும் கப்பிள் கட்டளையையும் கொடுத்திருப்பார்கள். அந்த லினக்ஸின் பெயருக்கு கிராண்ட் என்ற அனுமதியை மட்டும் கொடுத்திருக்க மாட்டார்கள். விஎம் இதில் கறார். அனுமதிக்கப்படாத இயந்திரத்தை அது சுவிட்சின் வாசலிலேயே நிறுத்திவிடும். பல வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஒரே பெட்டியில் குடியிருக்கும் இடத்தில் அந்தக் கறார் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது அதைவிட ஆபத்தானது, மேக் முகவரி. பொய்க் கார்டுகளுக்கு விஎம் தானே முகவரி கட்டிக் கொடுக்கும். முன்பாதியை அமைப்புக் கோப்பில் நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 02-00-00 என்று எடுத்துக்கொள்ளும். முதலில் நிற்கும் 02, இது எந்தத் தொழிற்சாலையும் பதித்த முகவரி அல்ல, உள்ளூரில் வைத்தது என்பதற்கான அடையாளம். பெட்டி ஒன்றே ஒன்று என்றால் தொல்லை இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டாவது இசட்/விஎம்மும் அதே முன்பாதியோடு எழுந்தால், இரண்டு லினக்ஸ்களுக்கு ஒரே முகவரி விழும். அப்போது வெளியே இருக்கும் நிஜ சுவிட்ச் பாக்கெட்டை ஒரு முறை இங்கேயும் மறுமுறை அங்கேயும் அனுப்பும். லினக்ஸில் பிழைச் செய்தி எதுவும் வராமலே போகலாம். சர்வர் பாதி நேரம் வேலை செய்யும், பாதி நேரம் செய்யாது. முதல் நாளே ஒவ்வொரு விஎம்முக்கும் தனி முன்பாதி எழுதிவிட்டால் இந்த நோய் வராது.

விஸ்விட்சைக் கட்டும்போது ஒரே ஒரு நிஜ கார்டோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வரை வரிசையாகக் கொடுக்கலாம். முதல் கார்டு செத்தால் விஎம் அடுத்ததற்குத் தானே மாறிக்கொள்ளும். மேலே ஓடும் நூறு லினக்ஸ்களின் அமைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சர்வருக்கு சர்வர் இரட்டைக் கார்டு, இரட்டைக் கேபிள் என்று போராடிய எவருக்கும் இந்த ஒரு வசதியின் அருமை புரியும். மெயின்பிரேமுக்கு ஆதரவாக நான் ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டுமென்றால், 41,400-ஐச் சொல்ல மாட்டேன், இதைச் சொல்வேன்.

இதையெல்லாம் கற்க ஆசைப்படுபவர்கள், மெயின்பிரேம் படித்தால் வேலை உறுதி என்று பயிற்சி மையங்கள் ஒட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தொடங்குவதற்குக் காசே தேவையில்லை. ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண லேப்டாப்பை 370 இயந்திரமாக்கிவிடும். பழைய விஎம்/370-உம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அதில் ஏற்றலாம். அங்கே விஸ்விட்ச் கிடையாது. ஆனால் சிடிசி என்ற பழைய மெய்நிகர் இணைப்பு உண்டு. இரண்டு இயந்திரங்களில் டிஃபைன் கொடுத்து ஒவ்வொன்றை உருவாக்குங்கள், கப்பிள் கொடுத்து இணையுங்கள். இசட்/விஎம்மில் ஒரு லினக்ஸை விஸ்விட்சோடு இணைக்க இன்று கொடுப்பதும் அதே கப்பிள் கட்டளைதான்.