மும்பையில் மூன்று முறை வென்ற தமிழர்: வாக்கு வங்கியைத் தாண்டிய தேர்தல் கணக்கு

மும்பை: 2014-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டப் பேரவையில் பாஜகவுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், புதுக்கோட்டை மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழர் ஒருவர் அக்கட்சியின் சார்பில் மகாராஷ்டிர சட்டப் பேரவைக்குள் நுழைந்தார். மும்பையின் சயான் கோலிவாடா தொகுதியில் வென்ற கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன்தான் அவர்.

அதன்பின் 2019, 2024 தேர்தல்களிலும் அதே தொகுதியில், அதே சின்னத்தில் அவர் வெற்றி பெற்றார். மண்ணின் மைந்தர் முழக்கம் பிறந்த நகரில், தென்னிந்தியர் ஒருவர் தேசியக் கட்சியின் வேட்பாளராகத் தொடர்ந்து மூன்று முறை வென்றது எப்படி? மும்பைத் தமிழர்களுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று மட்டும் இதைக் கருதிவிட முடியாது. தேர்தல் புள்ளிவிவரங்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

கூட்டணி முறிவு தந்த வாய்ப்பு

தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் சயான் கோலிவாடா சந்தித்த முதல் பேரவைத் தேர்தல் 2009-இல் நடைபெற்றது. அதில் காங்கிரஸின் ஜகந்நாத் ஷெட்டி வென்றார். 2014 செப்டம்பர் 25-ஆம் தேதி மாநில அரசியல் தலைகீழாக மாறியது. கால் நூற்றாண்டாக நீடித்த பாஜக - சிவசேனை கூட்டணி முறிந்தது. அதே நாளில் காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும் பிரிந்தன.

அதுவரை தொகுதிப் பங்கீட்டில் சிவசேனையை அனுசரித்துப் போக வேண்டியிருந்த பாஜக, மும்பையில் தனது வேட்பாளர்களைத் தானே தேர்வு செய்யும் நிலை அப்போதுதான் உருவானது. சயான் கோலிவாடாவில் தமிழ்ச்செல்வன் களமிறக்கப்பட்டார். அவர் 40,869 வாக்குகளும், சிவசேனையின் மங்கேஷ் சாதம்கர் 37,131 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 3,738 மட்டுமே. 

2019-இல் இரு கட்சிகளும் மீண்டும் கைகோத்தன. சிவசேனை ஆதரவுடன் போட்டியிட்ட தமிழ்ச்செல்வன் 54,845 வாக்குகள் பெற்று, காங்கிரஸின் கணேஷ் யாதவை 13,951 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2024 நவம்பரில் சிவசேனை இரண்டாகப் பிளவுபட்டிருந்த சூழலில் அதே இருவர் மீண்டும் மோதினர். தமிழ்ச்செல்வனுக்கு 73,429 வாக்குகளும் யாதவுக்கு 65,534 வாக்குகளும் கிடைத்தன. வித்தியாசம் 7,895-ஆகச் சுருங்கியது. பாஜக மாநிலத்தில் 132 இடங்களைக் கைப்பற்றிய தேர்தலில்கூட இத்தொகுதி எளிதில் வசப்படவில்லை.

தமிழ் வாக்குகள் மட்டும் போதுமா?

கோலிகளின் மீனவக் குடியிருப்பு, பிரிவினையின்போது வந்த பஞ்சாபி, சிந்தி அகதிகளின் காலனி, மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த ஆன்டாப் ஹில், நடுத்தர மராத்தியர் வசிக்கும் பிரதீக்ஷா நகர் என்று பல உலகங்களை உள்ளடக்கியது இப்பகுதி. தமிழர், கன்னடர், வட இந்தியர், இஸ்லாமியர் என அனைவரும் இங்கு உண்டு. எந்த ஒரு மொழியினரின் வாக்குகளை மட்டும் நம்பியும் இங்கு வெல்ல இயலாது. தமிழ்ச்செல்வனின் வெற்றிக்குத் தமிழ் அடையாளம் உதவியிருக்கலாம். ஆனால், அதைத் தீர்மானித்தது கட்சியின் பரந்த வாக்குத் தளம்.

அவரது தனிப்பட்ட பின்னணியும் கட்சிக்குக் கைகொடுத்தது. பிழைப்புத் தேடி மும்பை வந்த அவர், ரயில்வே பார்சல் ஒப்பந்தத் தொழிலில் ஈடுபட்டவர். 2008 நவம்பர் 26 இரவில் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் துப்பாக்கிச் சூடு நடத்தியபோது, காயமடைந்தவர்களைத் தனது தொழிலாளர்களுடன் சேர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல உதவியவராக அவர் அறியப்பட்டார். மொழி எல்லையைக் கடந்த அறிமுகத்தை அது அவருக்குத் தந்தது.

தொகுதியின் மையப் பிரச்னை வீட்டு வசதி. குரு தேக் பகதூர் நகரில் உள்ள பஞ்சாபி காலனிக் கட்டடங்கள் ஆபத்தானவை என்று மாநகராட்சி அறிவித்ததைத் தொடர்ந்து, குடியிருப்போரை வெளியேற்றுவது தொடர்பாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. 2017-இல் அங்கு நடவடிக்கை எடுக்க வந்த மாநகராட்சி அதிகாரிகளின் பணியைத் தடுத்ததாகப் பதிவான வழக்கில், தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோருக்கு 2024 அக்டோபரில் சிறப்பு நீதிமன்றம் 6 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை என்பதால் அவர் போட்டியிடத் தடை ஏற்படவில்லை. அடுத்த மாதமே வாக்காளர்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

மறக்க முடியாத கடந்த காலம்

இந்த வெற்றிகளின் எடையை அறிய அரை நூற்றாண்டு பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1966 ஜூன் 19-இல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலை அவரது 'மார்மிக்' இதழ் வெளியிட்டது. லுங்கி கட்டியவர்களை விரட்டுவோம் என்ற முழக்கம் தெருக்களில் ஒலித்தது. தென்னிந்தியர்களின் உணவகங்கள் தாக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில், கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனுக்கு பம்பாயில் போட்டியிடக் காங்கிரஸ் வாய்ப்பளிக்க மறுத்தது. அவர் மகாராஷ்டிரர் அல்லர் என்பதே சொல்லப்பட்ட காரணம். சுயேச்சையாக நின்ற மேனன் தோற்றார். அப்போது வெளியூர்க்காரர் என்று ஒரு தேசியத் தலைவரையே தேசியக் கட்சி கைவிட்டது. 2014-இல் அதே நகரில் இன்னொரு தேசியக் கட்சி, தமிழர் ஒருவரைச் சிவசேனைக்கு எதிராகவே நிறுத்தி வென்றது. மாறியது இதுதான்.

தாராவி வேறு, மாதுங்கா வேறு

ஆயினும், மும்பைத் தமிழர்கள் அனைவரும் பாஜக பக்கம் சாய்ந்துவிட்டனர் என்ற முடிவுக்கு வர இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 லட்சம் பேர். இவர்கள் ஒரே சமூகமாக இயங்குவதில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிகளுக்காகக் குடியேறிய குடும்பங்கள் கோயில்கள், சபாக்கள், பள்ளிகளைச் சுற்றித் தங்கள் வாழ்வை அமைத்துக்கொண்டன. தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களில் ஆதிதிராவிடரும் இஸ்லாமியரும் கணிசமானோர். அம்பேத்கரிய, திராவிட இயக்கச் சிந்தனைகளின் தாக்கமும் அங்கு உண்டு.

சயான் கோலிவாடாவை ஒட்டியுள்ள தாராவி தனித் தொகுதியில் 2024-இல் காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட் 23,459 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதானி குழுமத்தின் மறுசீரமைப்புத் திட்டமே அங்கு முக்கியப் பிரச்னை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு இலவசமாகத் தாராவியிலேயே கிடைக்கும். அதன்பின் வந்தோரும் மாடியில் வசிப்போரும் வேறிடம் செல்ல நேரிடும் என்ற அச்சம் வாக்குகளில் எதிரொலித்தது. அண்டைத் தொகுதிகளில் வாழும் தமிழர்களின் அரசியலைத் தீர்மானிப்பதில் மொழியைவிட வீட்டுக்கே பெரிய பங்கு இருக்கிறது.

மீண்டும் மொழி அரசியல்

தொடக்கப் பள்ளிகளில் ஹிந்தியை மூன்றாவது மொழியாக்கும் ஆணையை 2025 ஜூனில் மகாராஷ்டிர பாஜக கூட்டணி அரசு திரும்பப் பெற்றது. அதைக் கொண்டாடி ஜூலை 5-இல் உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் ஒரே மேடையில் தோன்றியதைத் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் வரவேற்றார். ஒருகாலத்தில் தமிழர்களை விரட்டிய இயக்கத்தின் வாரிசுகள், ஹிந்தித் திணிப்பு எதிர்ப்பில் தமிழகத்தின் தோழர்களாகினர்.

அந்தத் தோழமை நெடுநாள் நீடிக்கவில்லை. 2026 ஜனவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தலில் பாஜகவுக்காகப் பிரசாரம் செய்த கே. அண்ணாமலை, மும்பையைச் சர்வதேச நகரம் என்று வர்ணித்தார். அதைக் கண்டித்த ராஜ் தாக்கரே, பழைய லுங்கி முழக்கத்தையே மேடையில் நினைவூட்டினார். அத்தேர்தலில் பாஜக 227 வார்டுகளில் 89-ஐ வென்று தனிப்பெரும் கட்சியானது.

மும்பைத் தமிழர்களுக்குப் பேரவையில் குரல் உண்டு. ஆனால், அது ஒரு தேசியக் கட்சியின் கணக்குக்குள் ஒலிக்கும் குரல். தமிழர் என்பதால் ஒருவருக்கு வாய்ப்பு மறுக்கப்படாத நிலையை எட்டியிருப்பது பெரிய மாற்றமே. தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிகள், ஆபத்தான கட்டடங்கள், இடிபடக் காத்திருக்கும் குடிசைகள் ஆகியவற்றுக்காக அந்தக் குரல் கட்சி எல்லையைத் தாண்டி எழுமா என்பதே அடுத்த தேர்தலில் சயான் கோலிவாடா எழுப்பப் போகும் கேள்வி.